ஒரு கிணறு, இரண்டு வளவு: யாழ்ப்பாணத்து ஊர்க் காதல் நாவலுக்குள் பழைய மர்மத்தை வைப்பது

நாவல் எழுதிக்கொண்டிருக்கும் நீங்கள் கேட்ட கேள்வியைச் சுருக்கினால் இதுதான். சுன்னாகத்துக்கும் அச்சுவேலிக்கும் இடையில் ஒரு ஊர். பக்கத்துப் பக்கத்து வீடுகள் இரண்டுக்குப் பல வருசமாகக் கதைபேச்சில்லை. அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். பழைய மர்மம் ஒன்றும் உண்டு. எட்டு அத்தியாயம் எழுதியாயிற்று. காதல் ஒரு பக்கம் போகிறது, மர்மம் இன்னொரு பக்கம் போகிறது, குடும்பச் சண்டை வெறும் சத்தமாக நிற்கிறது. மூன்றையும் எப்படிச் சேர்ப்பது?

எட்டு அத்தியாயத்துக்குப் பிறகு சேர்ப்பது கடினம். மூன்றும் ஒரே பொருளில் இருந்து முளைத்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் அந்தப் பொருளைத் தேடி அலையத் தேவையில்லை. காணி இருக்கிறது, காணிக்கு ஒரு உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், இருக்கிறது. பிள்ளையைக் கட்டிக்கொடுப்பதும், சகோதரம் பிரிவதும், கடன் படுவதும், ஊரைவிட்டுப் போவதும் கடைசியில் ஏதோ ஒரு உறுதியில் வந்து நிற்கின்றன. ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் தனிப் பெயர் உண்டு. புலம், கலட்டி, வளவு, சீமா என்று முடியும். உங்கள் நாவலின் காணிக்கு முதலில் ஒரு பெயர் வையுங்கள். நாயகிக்குப் பெயர் வைப்பதைவிட அது அவசரமான வேலை.

பங்குக் கிணற்றைப் பற்றியும் யோசியுங்கள். உறுதியில் கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கு, அங்கே போய்வர வழி, தண்ணீர் ஓட வாய்க்கால் என்று எழுதியிருக்கும். ஊர் இரகசியமும் இந்தக் கிணறு மாதிரியே பங்கு பிரிந்து கிடக்கும். ஒருவருக்கும் தெரியாத இரகசியம் சின்ன ஊரில் நிலைக்காது. ஐந்து வீட்டில் ஐந்து பேருக்கு ஒவ்வொரு துண்டு தெரியும், முழுதும் ஒருவருக்கும் தெரியாது, தெரிந்த துண்டைச் சொல்லாமல் இருக்க ஒவ்வொருவருக்கும் தனிக் காரணம் இருக்கும். பெரும்பாலான ஊர் மர்மக் கதைகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். எழுதுபவர் இரகசியத்தை ஒரு றங்குப்பெட்டிக்குள் முழுதாகப் பூட்டி வைத்துவிடுகிறார். மூன்றாம் அத்தியாயத்தில் பெட்டி திறந்தால் கதை முடிந்தது. ஆகவே இருபதாம் அத்தியாயம்வரை திறப்பைத் தொலைக்க வேண்டியிருக்கிறது, வாசகருக்கும் அது தெரிகிறது. பங்கு பிரித்து வைத்தால் நாயகனும் நாயகியும் ஒவ்வொரு வீட்டுப் படலையாகத் திறக்க வேண்டும். சின்ன ஊர் நாவலுக்கு வேண்டிய நடமாட்டம் அதிலேயே கிடைத்துவிடும்.

இனி சட்டம். தேசவழமையை ஓரளவாவது படிக்காமல் இந்த வகை நாவலுக்குள் இறங்காதீர்கள். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்டது. வடமாகாணத் தமிழரின் சொத்துக்கு இன்றும் பொருந்துகிறது. பரம்பரையாக வந்த முதுசம், பெண்ணுக்குக் கொடுத்த சீதனம், கலியாணத்துக்குப் பிறகு தேடிய தேடியதேட்டம் என்று சொத்தை வகை பிரிக்கிறது. சீதனம் வாங்கிக்கொண்டு போன மகளுக்குப் பெற்றோரின் மிச்சச் சொத்தில் பங்கில்லை என்பது பழைய வழமை. பங்குக் காணியை வெளியாருக்கு விற்க முன்னர் மற்றப் பங்காளிக்குச் சொல்ல வேண்டும். நாவலாசிரியருக்கு மிகவும் பயன்படக்கூடியது வேறொன்று: மனைவி தன் சொந்தச் சீதனக் காணியை விற்பதற்கோ ஈடு வைப்பதற்கோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் உள்ள விதி இது.

இந்த ஒரு விதியை வைத்தே ஒரு முழு நாவல் கட்டலாம். கட்டிக் காட்டுகிறேன். எடுத்தாளலாம், மாற்றலாம்.

1971 மாசி மாதம். மேற்கு வளவுப் பெண்ணுக்கு 28 வயது, ஐந்து வயதில் ஒரு மகள். கணவன் எட்டு மாதத்துக்கு முன் கொழும்புக்கு என்று போனவன், கடிதம் இல்லை. விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று அவளுக்கு விளங்கிவிட்டது, ஊருக்கு இன்னும் தெரியாது. தங்கச்சிக்குப் பேச்சுக்கால் நடக்கிறது. மாப்பிள்ளை பகுதி டொனேஷன், அதாவது கைக்காசு, கேட்கிறது, வீட்டில் காசு இல்லை. தன் சீதனக் காணியில் 4 பரப்பை, அதாவது கால் ஏக்கரை, விற்றால் சமாளிக்கலாம், ஆனால் கணவனின் கையெழுத்து வேண்டும். அவன் போய்விட்டான் என்று சொன்னால் தங்கச்சியின் சம்மந்தம் குழம்பும். கிழக்கு வளவுக்காரர், 41 வயது, பக்கத்து வீட்டு அண்ணை, அவளோடு விடியப்புற பஸ்ஸில் பருத்தித்துறைக்குப் போய், உறுதி எழுதுகிற, முகம் தெரியாத ஒரு நொத்தாரிசுக்கு முன்னால் கணவனாக நின்று ஒப்பம் வைக்கிறார். தங்கச்சியின் கலியாணம் நடக்கிறது. ஆனால் பஸ்ஸில் இருவரையும் கண்ட ஒருவர் ஊரில் வந்து சொல்கிறார். கிழக்கு வளவுக்காரரின் மனைவி காரணம் கேட்கிறாள். அவர் சொல்லவில்லை. ஏனென்றால் மாப்பிள்ளை அவளுடைய சொந்தப் பெரியம்மாவின் மகன். அறிந்தால் அவள் தன் சகோதரத்துக்கு மறைக்க முடியாத நிலைக்கு வந்துவிடுவாள். அன்றையோடு இரண்டு வீட்டுக்கும் கதை இல்லை. கிணற்றுக்கு நடுவாலே வேலி வருகிறது. ஊர் கேட்டால் “எல்லைக் கதியாலைத் தள்ளி நட்டவை” என்று இரண்டு பகுதியும் சொல்லும். வேலி அடைக்கிறபோது கதியாலை, அதாவது வேலித் தடியை, தள்ளி நடுவதால் வருகிற சண்டை அவ்வளவு சாதாரணம், யாரும் அதற்கு மேல் கேட்கமாட்டார்கள். பொய்க் காரணம் இப்படிச் சாதாரணமாக இருக்க வேண்டும்.

கதை நடக்கும் ஆண்டு 2018 என்று வையுங்கள். கிழக்கு வளவுக்காரர் 88 வயதில் இறக்கிறார், செத்தவீட்டோடு நாவல் தொடங்குகிறது. நல்லதுக்குச் சொன்னால் போகவேணும், கெட்டதுக்குச் சொல்லாமலே போகவேணும் என்பது ஊர் வழக்கம். 47 வருசம் கதைக்காத மேற்கு வளவு அம்மம்மா, 75 வயதில், பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படலையைத் தாண்டி வருகிறாள். அவளை முதலில் காண்கிறவன் இறந்தவரின் பேரன். மூன்று இழையும் முதல் காட்சியிலேயே வந்துவிட்டன. ஒருவரும் எதையும் விளக்கவில்லை.

இதில் சட்டம் தானாகவே செய்து தருகிற ஒரு உதவியைக் கவனியுங்கள். நொத்தாரிசுக்கு ஒப்பமிடுகிற ஆளைத் தெரியாவிட்டால் இரண்டு சாட்சிகளுக்காவது அந்த ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். காணி உறுதிக்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் கட்டாயம் என்பது 1840இல் இருந்து உள்ள சட்டம். அப்படியென்றால் அன்றைக்கு இன்னும் இரண்டு பேர் பொய் சொல்லியிருக்கிறார்கள், அவர்களின் பெயரும் ஒப்பமும் உறுதியின் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. இரகசியத்தின் பங்காளிகளைப் படைக்க நீங்கள் மினக்கெட வேண்டியதில்லை. ஒரு சாட்சி இன்றைக்கு ஊர்க் கோயிலை நடத்துகிற பெரியவர். மற்றவர் கனடாவில்.

எழுதத் தொடங்க முன்னர் ஒரு கொப்பியில் பக்கத்துக்கு ஒருவராக எழுதுங்கள்: இவருக்கு என்ன தெரியும், எது தெரியாது, ஏன் சொல்லவில்லை, சொன்னால் எதை இழப்பார். இந்தக் கதையில் அம்மம்மாவுக்குக் கையெழுத்து விசயம் தெரியும், பஸ்ஸில் கண்டு ஊருக்குச் சொன்னது யார் என்று தெரியாது. இறந்தவரின் மனைவிக்குப் பஸ் பயணம் தெரியும், காரணம் தெரியாது. கோயில் பெரியவருக்கு உறுதி பொய் என்று தெரியும், அந்தப் பயணத்தால் ஒரு குடும்பம் உடைந்தது ஏன் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. லண்டனில் இருக்கிற தங்கச்சிக்கு ஒன்றுமே தெரியாது, எல்லாம் அவளுக்காகத்தான் நடந்தது. காணியை வாங்கியவரின் பேரன் அந்த 4 பரப்பில் புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். ‘சொன்னால் எதை இழப்பார்’ என்ற இடம் வெறுமையாக இருந்தால் அந்தப் பாத்திரம் முதல் கேள்விக்கே பதில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கதையை நீட்டுவதற்காக வாயை மூடிவைத்திருக்கிறீர்கள் என்று வாசகர் கண்டுபிடித்துவிடுவார்.

சட்டம் தெரிந்த வாசகர் இன்னொரு கேள்வி கேட்பார்: பொய் உறுதி என்று தெரிந்தால் காணி போய்விடுமா? 1871ஆம் ஆண்டுச் சட்டப்படி, இடையூறில்லாமல் உரிமை பாராட்டி 10 வருசம் ஆண்டால் ஆட்சி உரித்து வரும். 1971இல் வாங்கியவருக்கு 1981இலேயே அது முற்றிவிடும். உரிமைக்காரர் சிறுபிள்ளையாகவோ கடல்கடந்தோ இருந்தால் கணக்கு மாறும். 1983 மே முதல் 2009 மே வரை யுத்தத்தால் தங்கள் காணிக்கு வரமுடியாமல் போனவர்களுக்கு 2016இல் தனிச் சட்டம் வந்தது, அது இந்தக் கதைக்குத் தேவைப்படாது. ஆகவே ‘உண்மை வெளிவந்தால் காணி போகும்’ என்ற பயத்தை மட்டும் நம்பி நாவலை நிறுத்தினால் இருபதாம் அத்தியாயத்தில் ஒரு வழக்கறிஞர் இரண்டு வசனத்தில் அதைச் சரித்துவிடுவார். சட்டத்தால் ஈடுசெய்ய முடியாத ஒன்று பணயமாக இருக்க வேண்டும். இறந்தவரின் மனைவி 47 வருசம் தன் புருசனை வெறுத்தாள், வெறுப்போடேயே அனுப்பினாள். உண்மையைச் சொன்னால் அவளுடைய வாழ்க்கை முழுதும் ஒரு பிழையாகிவிடும். அதைப் பேரன் அவளிடம் சொல்லலாமா? நாவலின் கனமான கேள்வி இதுதான். காதல் நிறைவேற உண்மை வெளிவர வேண்டும், வெளிவந்தால் அப்பம்மா உடைவாள். காதலும் மர்மமும் குடும்பமும் பிரிக்கமுடியாமல் ஒட்டிக்கொள்வது இங்கே.

ஊர்ப்பேச்சை உருவாக்கும்போது முறையைக் கணக்குப் பாருங்கள். இப்படிப்பட்ட கதையில் ஊர் உடனே “பிள்ளை ஆற்றை?”, அதாவது யாருடைய பிள்ளை, என்று கேட்கும். நாயகியின் தாய் 1966இல் பிறந்தவள் என்று வைத்தால் அந்தப் பேச்சு எழவே இடமில்லை. 1972இல் பிறந்தவள் என்று வைத்தால் எழும். எழுந்தாலும் பாருங்கள்: நாயகியின் தாய் நாயகனின் தகப்பனுக்குச் சகோதரி என்றாகும், நாயகி அவனுக்கு மச்சாள் முறை. அதே ஊர்ப்பேச்சு நாயகியின் தகப்பன் வழியாக ஓடினால் இருவரும் அண்ணன் தங்கச்சி. ஒரு தலைமுறையில் ஆணையும் பெண்ணையும் மாற்றிப் போட்டால் கதை முழுதாக மாறிவிடும். சகோதர முறை என்ற பயத்தைக் கிளப்பிவிட்டுக் கடைசியில் ‘அப்படி இல்லை’ என்று விடுவிப்பது மலிவான வழி. காதலர் படும் வேதனையை வாசகர் நம்பமாட்டார், ஏனென்றால் நாவல் அப்படி முடியாது என்று அவருக்குத் தெரியும். மேலே சொன்ன கதையில் 1966ஐ வைத்தது அதற்காகத்தான்.

துப்புகள். எங்கள் ஊரில் கடிதமும் நாட்குறிப்பும் தேடாதீர்கள். வேறு நல்ல சாமான்கள் இருக்கின்றன. முதலாவது, மரண அறிவித்தல். ‘அன்னார், காலஞ்சென்றவர்களான இன்னார் தம்பதிகளின் மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னார் ஆகியோரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மைத்துனரும் ஆவார்’ என்று ஒரு குடும்பத்தின் வரைபடம் முழுதும் அதில் இருக்கும். விடுபட்ட பெயர் ஒரு துப்பு, எதிர்பாராமல் வந்த பெயர் இன்னொரு துப்பு. போன கணவன் எங்கே போனான் என்று வாசகர் கட்டாயம் கேட்பார், அதைத் தொங்கவிடக் கூடாது. 1980களின் பழைய பத்திரிகை ஒன்றில் அவனுடைய மரண அறிவித்தல், மனைவியின் பெயர் வேறு, பிள்ளைகள் மூன்று. நாலு வரி போதும். பழைய பத்திரிகைகளும் நினைவு மலர்களும் நூலகம் இணையத்தளத்தில் நிறைய இருக்கின்றன. நாயகி இரவில் போனில் தேடிக் கண்டுபிடிப்பது முற்றிலும் நடக்கக்கூடியது.

இரண்டாவது, கல்வெட்டு. 31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் குடும்பம் வெளியிடும் நினைவு மலர். தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, நன்றியுரை. உங்கள் நாவல் செத்தவீட்டோடு தொடங்கினால் அந்தியேட்டி வரை 31 நாள் ஒரு இயல்பான காலக்கெடு. கல்வெட்டுக்கு வரலாறு எழுதுகிற வேலை பேரனின் தலையில் விழட்டும். எல்லா வீட்டுக்கும் போய் “அப்பப்பாவைப் பற்றிச் சொல்லுங்கோ” என்று கேட்க அவனுக்கு உரிமை வந்துவிடும். துப்பறிவதற்கு ஒரு சாதாரண மனுசனுக்கு இதைவிட நேர்மையான சாட்டு கிடையாது.

மூன்றாவது உறுதி. மூலப்பிரதி வாங்கியவரிடம், இன்னொரு பிரதி நொத்தாரிசிடம், இரட்டைப்பிரதி காணிப் பதிவகத்தில். மூலம் தொலைந்தாலும் கதை சாகாது, பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். இதைத் தெரியாமல் ‘உறுதி எரிந்துவிட்டது, எல்லாம் போச்சு’ என்று எழுதினால் காணி விசயம் தெரிந்தவர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். அளவும் பிழைக்கக் கூடாது: 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். வயற்காணிக்கு 24 பரப்பு ஒரு ஏக்கர். 4 பரப்பு என்றால் கால் ஏக்கர், ஒரு வீடும் கிணறும் ஐந்தாறு தென்னையும் தாராளமாக அடங்கும்.

இன்னும் உண்டு. கோயில் திருவிழாவைச் செலவேற்றுச் செய்யும் உபயகாரர் பட்டியலில் ஒரு வருசத்தோடு நின்றுபோன குடும்பப் பெயர். கிணற்றுக்கட்டுச் சீமெந்தில் கீறிய ஆண்டு. பள்ளிக்கூட இடாப்பில் தகப்பன் பெயர் எழுதும் இடம். ஸ்டூடியோ முத்திரையோடு ஒரு பக்கம் வெட்டப்பட்ட கலியாணப் படம். ஒரு நாவலுக்கு நாலு பொருள் காணும். ஒவ்வொன்றும் முதல் தடவை வரும்போது வேறு வேலையாக வர வேண்டும். உறுதியை முதலில் வங்கிக் கடனுக்காக எடுக்கிறார்கள், கிணற்றுக்கட்டில் நாயகி குளிக்க வாளி வைக்கிறாள். இரண்டாம் தடவைதான் அது பேச வேண்டும்.

காதலுக்கு வருகிறேன். இதை நிறையப் பேர் அவசரமாக எழுதுகிறார்கள், அதனால் மர்மம் முன்னுக்கு வந்து காதல் பின்னுக்குப் போய்விடுகிறது. யாழ்ப்பாணத் தமிழ் உங்கள் கையில் ஒரு அருமையான கருவியைத் தந்திருக்கிறது: நீங்கள், நீர், நீ. அந்நியமாக இருக்கும்போது “நீங்கள் எப்ப வந்தனீங்கள்?” பழகிய பிறகு ஒருநாள் அவன் “நீர் எப்ப வந்தனீர்?” என்கிறான். அந்த ஒரு விகுதிக்கு அவள் தலை நிமிர வேண்டும், அவனுக்கே அப்போதுதான் தெரிய வேண்டும். ‘நீர்’ மரியாதையும் உரிமையும் கலந்த இடம். கணவன் மனைவி கதைக்கிற இடம் அது. “இரும், போகாதேயும்” என்று சொன்னால் போதும், காதலைச் சொல்லத் தனி வசனம் தேவையில்லை. ‘நீ’ எப்போது வருகிறது என்பதைக் கோபத்துக்கோ மிகுந்த நெருக்கத்துக்கோ ஒதுக்கி வையுங்கள். என் கணிப்பில் ‘நீங்கள்’ பத்தாம் அத்தியாயம்வரை நிற்கலாம். முதல் ‘நீர்’ நடந்த பக்கத்தைக் குறித்துவையுங்கள், பிறகு கவனக்குறைவாக மாறிமாறி எழுதினால் அத்தனை உழைப்பும் வீண்.

சண்டைக்கும் மொழி இருக்கிறது. இது, அது என்பவற்றுக்கு நடுவில் எங்களிடம் ‘உது’ உண்டு. பகையான வீட்டாரைப் பெயர் சொல்லாமல் “உவை”, “உங்கத்தையாள்” என்பார்கள். அம்மம்மா 47 வருசமாக ‘உவை’ என்றே சொல்லிவந்து ஒருநாள் “அண்ணை” என்று சொல்லிவிட்டால், பேத்தியின் கையில் இருக்கிற தேத்தண்ணிக் கோப்பை அசையாமல் நிற்க வேண்டும். எழுத்து நடை பொதுத் தமிழாக இருக்கட்டும், உரையாடல் ஊர்த் தமிழாக இருக்கட்டும். இரண்டையும் ஒரே வசனத்துக்குள் குழைக்காதீர்கள்.

சந்திக்கிற இடங்களை யோசியுங்கள். ஊரில் இரண்டு பேர் சும்மா சந்திக்க முடியாது, ஒவ்வொரு சந்திப்புக்கும் ஊர் ஒத்துக்கொள்ளும் சாட்டு வேண்டும். கிணற்றுக்கு நடுவாலே வேலி போனால் துலா ஒரு பக்கம், தொட்டி மற்றப் பக்கம். வேலியில் ஒரு பொட்டு, குனிந்து போகக்கூடிய ஓட்டை, இருந்தே தீரும். நாய்க்கும் கோழிக்கும் என்று விட்ட பொட்டு முன்பு பெண்கள் தேங்காய்ப் பாதி மாற்றிக்கொண்ட வழியாக இருந்திருக்கும். இன்றைக்கு வட்ஸ்அப் இருக்கிறது, இரகசியமாகக் கதைப்பது இலகு. ஆகவே அவர்களுக்குத் தடை வீட்டார் காணாமல் கதைப்பதில் இல்லை, வீட்டார் காண ஒன்றாக நிற்பதில். உச்சக் காட்சியை ஊர் முழுதும் காணும் இடத்தில் வையுங்கள். குடும்பத்தின் உபயத் திருவிழா நாள் அதற்கு நல்லது: கோயில் மரியாதையான காளாஞ்சி யாருக்கு முதலில் கொடுபடுகிறது என்பதிலேயே ஒரு குடும்பத்தின் மானம் ஏறி இறங்கும். செத்த வருசம் அந்த வீட்டார் திருவிழா செய்யமாட்டார்கள், துடக்கு, அதாவது தீட்டு, கணக்கைப் பார்த்து நாளை வையுங்கள். அந்த இடத்தை யார் எடுத்துச் செய்வது என்பதே ஒரு சண்டைக்கும், பிறகு ஒரு சமாதானத்துக்கும் வழி.

சாதியைப் பற்றி நேராகவே சொல்ல வேண்டும். பல கதைகள் ‘குடும்ப கௌரவம்’ என்று எழுதிவிட்டுச் சாதியைச் சொல்லாமல் தாண்டிவிடுகின்றன. 1968இல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் போவதற்கு மனிதர் போராட வேண்டியிருந்த மண் இது. உங்கள் இரண்டு வீடும் ஒரே சாதியா, இல்லையா என்று நீங்கள் முடிவுசெய்தே ஆக வேண்டும். வேறு என்றால் 1971இல் ஒரே கிணற்றில் அள்ளியிருப்பார்களா என்ற கேள்வி வரும், கதையின் அடித்தளமே மாறும். ஒரே சாதி என்றால் தடை வேறு எங்கோ இருக்கிறது, அதைத் தெளிவாகக் காட்டுங்கள். இரண்டுக்கும் நடுவில் மங்கலாக விடுவது வாசகரை ஏமாற்றுவது.

காலப் பிழைகள் பற்றிச் சுருக்கமாக. தலைமுறை ஒவ்வொன்றின் பிறந்த ஆண்டையும் எழுதி, ஒவ்வொரு சம்பவத்திலும் அவரவர் வயதைக் கூட்டிப் பாருங்கள். விதானை முறை 1963இல் ஒழிந்து கிராம சேவகர் வந்தார், ஊர் வாய் தொடர்ந்து விதானை என்றது. பஸ் 1958இல் அரசுடைமையானது. 1970இல் 50, 100 ரூபாய்த் தாள்கள் செல்லாதாக்கப்பட்டன. வீட்டில் காசு வைத்திருந்த குடும்பம் ஒன்று திடீரென்று நொடிந்ததற்கு, அல்லது வேறொருவரிடம் மாற்றக் கொடுத்து ஏமாந்ததற்கு, அது ஒரு நல்ல காரணம். 1971 சித்திரையில் ஜே.வி.பி. கிளர்ச்சியும் ஊரடங்கும், அந்த மாதத்தில் விடியப்புற பஸ் பயணம் எழுதக் கூடாது. மாசியை எடுத்தது அதனால். 1970களில் இறக்குமதி நிறுத்தப்பட்டபோது மிளகாயும் வெங்காயமும் நல்ல விலைக்குப் போயின, செம்மண் தோட்டக்காணியின் பெறுமதியும் கூடியது. முன்னரே விற்றவருக்கு நெஞ்செரிவு. யாழ்ப்பாணத்துக்கு றெயில் 1990இல் நின்று 2014 ஐப்பசியில்தான் திரும்ப வந்தது. காற்றும் கவனம்: சோளகம் வைகாசியில் இருந்து ஆவணி புரட்டாதிவரை, வாடை மழைக்காலத்தோடு. தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏறுவது வாடையில். ஆற்றங்கரையில் காதலர் இருந்து கதைக்க இங்கே ஆறு கிடையாது, வழுக்கியாறு மழைக்கு ஓடி வற்றிவிடும். பண்ணையாரும் பஞ்சாயத்தும் எங்கள் ஊருக்குரியவை அல்ல. எங்கள் சனம் கோட்டுக்குப் போகும், ஒரு காணி வழக்கு மூன்று தலைமுறை நிற்கும்.

யுத்தத்தை மர்மத்துக்கு வசதியான அழிறப்பராகப் பாவிக்காதீர்கள். ஒரு பாத்திரத்தைக் கதையில் இருந்து எடுக்க வேண்டும், உடனே ‘காணாமல் போனார்’ என்று ஒரு வரி. கடைசியில் திருப்பமாக அவர் உயிரோடு வருவார். பிள்ளையின் படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு வீதியில் இருக்கிற தாய்மார் இன்னும் இருக்கும் ஊரில் அந்தத் திருப்பத்தை எழுதக் கூடாது. மர்மத்தை 1971இல் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்: அது ஒரு வீட்டுக்குள் நடந்த பிழை, வீட்டுக்குள் தீர்க்கலாம். யுத்தம் கதையில் வராமல் இருக்காது, வர வேண்டிய இடத்தில் வரட்டும். 1995 ஐப்பசி 30 இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. கதைக்காத இரண்டு வீட்டாரும் அந்த ஒரு வீதியில்தான் நடந்திருப்பார்கள். யார் யாருக்குத் தண்ணீர் கொடுத்தார், கொடுத்தும் கதைக்காமல் போனார் என்று ஒரு அத்தியாயம் எழுதலாம். உறுதிகளைச் சீலைப் பையில் சுற்றிக் கொண்டு நடந்தவர்கள் நிறையப் பேர், அந்த 1971 உறுதியும் அப்படி ஒரு பையில் போய்வந்திருக்கும். 1990இல் இருந்து மின்சாரம் இல்லாத காலத்தில் ஜாம் போத்தல் விளக்கும், சைக்கிள் டைனமோவில் பாடிய ரேடியோவும் அந்தப் பிள்ளைகளின் தாய்தகப்பன் இளம் வயதில் வாழ்ந்த உலகம். அதை ஒரு வாசனையாகத் தொட்டால் போதும்.

அளவைக் கேட்டால், 30 அத்தியாயம், ஒவ்வொன்றும் 1,800 முதல் 2,200 சொல், மொத்தம் 60,000க்குக் கிட்ட. முதல் எட்டுக்குள் செத்தவீடு, சண்டையின் பொய்க் காரணம், கல்வெட்டு வேலை, முதல் துப்பு. 10இல் முதல் ‘நீர்’. 15க்கு அருகில் ஒரு தவறான விடை முழுதாக நிற்க வேண்டும்: அப்பப்பாவுக்கும் அம்மம்மாவுக்கும் தொடர்பு இருந்தது என்று இரண்டு பிள்ளைகளும் நம்பி, வெட்கப்பட்டு, விலகுகிறார்கள். அந்த விலகலுக்கு மர்மமே காரணமாகிறது, வீணான ஒரு தப்பெண்ணம் தேவைப்படாது. 20இல் மரண அறிவித்தல், 23இல் உறுதியின் சாட்சி ஒப்பம், 25இல் கோயில் பெரியவர். 26க்கு முன்னரே வாசகருக்கு உண்மை தெரிந்துவிட வேண்டும். மிச்சம் அதை அப்பம்மாவிடம் யார், எப்படிச் சொல்வது என்பது. சாகக் கிடந்து வாக்குமூலம் சொல்ல வைக்காதீர்கள். அம்மம்மாவே ஒருநாள் வேலிப் பொட்டால் குனிந்து வரட்டும். அவளுக்கு 75, அப்பம்மாவுக்கு அதற்கும் மேல். இருவரும் கிணற்றுக்கட்டில் இருந்து கதைப்பதைப் பிள்ளைகள் தூரத்தில் நின்று பார்க்கலாம், ஒரு சொல்லும் வாசகருக்குக் கேட்கத் தேவையில்லை.

நீங்கள் எழுதி வைத்த எட்டு அத்தியாயத்தையும் எறியாதீர்கள். முதலில் காணியின் படத்தை ஒரு தாளில் கீறுங்கள்: வடக்கு எது, ஒழுங்கை எங்கே, கிணறு எந்த எல்லையில், சண்டைக்கு முன் வேலி எங்கே நின்றது. பிறகு எட்டையும் வாசித்து, அந்தப் படத்தில் ஒரு இடத்தையும் தொடாத காட்சிகளை எல்லாம் பென்சிலால் கீறிவிடுங்கள். மிஞ்சுகிற பக்கங்கள் குறைவாக இருக்கும், ஒன்பதாம் அத்தியாயத்தை அவற்றில் இருந்து தொடங்குங்கள்.